வாணம் விட்ட கோடை



பங்குனி பிறந்துவிட்டால் இந்தப் பக்கத்துக்கு இரண்டு விதமான கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். "லீவு விட்டால் பிள்ளைகள் செல்போனே கதி என்று கிடக்கிறார்கள், என்ன செய்வது?" என்று பாதிப் பேர் கேட்கிறார்கள். "பிள்ளைகள் வளர்ந்தாச்சு, சமையல் வேலை முடிந்தால் மனசு வெறிச்சென்று இருக்கிறது" என்று மீதிப் பேர் எழுதுகிறார்கள். இந்தத் தடவை இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பதில்தான். ராக்கெட் விடுங்கள்!

சிரிக்காதீர்கள். தீபாவளிக்குப் பாட்டிலில் வைத்துக் கொளுத்துகிற ராக்கெட்டைச் சொல்லவில்லை. தண்ணீரும் காற்றும் மட்டும் போதும், நெருப்பே வேண்டாத ராக்கெட் ஒன்று இருக்கிறது. 2023 கோடையில் அது எங்கள் வீட்டுக்குள் வந்தது. வந்து என்ன செய்தது என்று சொல்கிறேன். செய்முறையும் கடைசியில் தருகிறேன்.

மூன்று விசேஷம்

எங்கள் ஊர் திருச்செங்கோடு. போர் போடுகிற ரிக் வண்டிகளின் ஊர். என் வீட்டுக்காரர் அந்த வண்டிகளுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் விற்கும் சின்னக் கடை வைத்திருக்கிறார். அந்த வருஷம் சித்திரையும் வைகாசியும் சேர்ந்து எங்கள் வீட்டில் மூன்று விசேஷம். எங்களுக்குக் கல்யாணமாகி 25 வருஷம் நிறைந்தது. எனக்கு 45 வயது முடிந்து, அந்த வயதில் ஸ்கூட்டர் பழகி லைசென்ஸும் வாங்கினேன். மூன்றாவது, மகளின் பிளஸ் டூ ரிசல்ட். மே 8ஆம் தேதி வந்தது.

600க்கு 412.

வேறு ஊராக இருந்தால் பாஸ் என்று சர்க்கரைப் பொங்கல் வைத்திருப்போம். எங்கள் நாமக்கல் மாவட்டம் விடுதிப் பள்ளிகளுக்குப் பேர் போனது. எங்கெங்கோ இருந்து பிள்ளைகளைக் கொண்டு வந்து இங்கே சேர்க்கிறார்கள். ஐந்நூற்றைம்பது வாங்கிய பெண்ணே இங்கே கண்ணைக் கசக்குவாள். அப்படியிருக்க 412 என்றால் வாய் திறந்து சொல்ல முடியுமா? மகள் ரூமுக்குள் போய்ப் படுத்தவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. போன் வந்தபடியே இருந்தது. "எவ்வளவுங்க?" என்று கேட்பார்கள். சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் சத்தம் இருக்காது. அந்த மௌனத்தை அனுபவித்த தாய்மார்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பெரிய நாத்தனார் நேரிலேயே வந்துவிட்டார். "ஏன் அம்மிணி, நல்ல எடம் ஒண்ணு வந்திருக்குது. பையன் சொந்தமா ரிக் வச்சிருக்கான். படிப்புத்தான் ஏறலையே, அடுத்த தையில முடிச்சுப் போடலாம்ல?" என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். என் வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை. நான் பத்தாவதோடு நின்றவள். பெண்ணை அப்படி நிறுத்த எனக்கு மனசில்லை. "அவளுக்கு என்ன படிக்கோணும்னு ஆசை?" என்று நாத்தனார் கேட்டபோது மட்டும் என்னிடம் பதில் இல்லை. மகளிடமும் இல்லை.

டீச்சரம்மாவும் சோடா பாட்டிலும்

அடுத்த தெருவில் ஒரு டீச்சரம்மா இருக்கிறார். அரசுப் பள்ளியில் அறிவியல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு கோடையிலும் தெருப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் உள்ள காலி இடத்தில் தண்ணீர் ராக்கெட் விடுவது அவர் வழக்கம். அவர் எங்கள் வீட்டுக்கு வந்து மார்க்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "கண்ணு, எனக்குக் கணக்கு எழுத ஒரு ஆள் வேணும். நோட்டை எடுத்துக்கிட்டு வா" என்று மட்டும் கூப்பிட்டார். பெரியவர் கூப்பிட்டதால் மறுக்க முடியாமல் போனாள். இரண்டு நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் வெளிவெயிலைப் பார்த்தாள். துணைக்கு நானும் போனேன். வேடிக்கை பார்க்கப் பக்கத்துத் தையற்கடை அக்காவும் வந்தார். அப்புறம் தினமும் சாயந்திரம் ஐந்து மணி ஆனால் மூவருக்கும் கால் அங்கே போய்விடும்.

பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கார்க்கால் அடைத்து, கவிழ்த்து நிறுத்திக் காற்றடித்தால், ஒரு கட்டத்தில் கார்க் பிடுங்கிக்கொண்டு தண்ணீர் கீழே பீய்ச்சும், பாட்டில் மேலே பாயும். எவ்வளவு தண்ணீர் ஊற்றினால் அதிக உயரம் போகும் என்பதுதான் மகளுக்குக் கொடுத்த கணக்கு. தண்ணீரே இல்லாமல், கால் பாகம், மூன்றில் ஒரு பாகம், அரை, முக்கால் என்று ஒவ்வொன்றையும் மும்மூன்று தடவை விட்டு எழுதினாள்.

உயரத்தை எப்படி அளப்பது? அதுவும் எளிதுதான். ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் பாகைமானியின் நடுவில் ஒரு நூல் கட்டி, நுனியில் ஒரு நட்டைத் தொங்கவிட வேண்டும். 20 மீட்டர் தள்ளி நின்று, பாகைமானியின் விளிம்பு வழியாக ராக்கெட் உச்சிக்குப் போகும் இடத்தைப் பார்த்தால், நூல் விலகுவதை வைத்துக் கோணம் தெரிந்துவிடும். 45 பாகை என்றால் உயரமும் அதே 20 மீட்டர், அதோடு நம் கண் உயரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். மூன்றில் ஒரு பாகம் தண்ணீர் ஊற்றிய பாட்டில் 37 பாகை காட்டியது. அதாவது 15 மீட்டருக்கு மேல்! எங்கள் தெருவில் இருக்கும் எந்த மாடி வீட்டையும் விட உயரம். நோட்டிலும் அதுதான் முதலாவது வந்தது.

"ஏன் டீச்சர் மூணுல ஒண்ணு?" என்று மகளே கேட்டாள். டீச்சரம்மா சொன்னார்: "அடைச்ச காத்துதான் கண்ணு ஸ்பிரிங் மாதிரி தள்ளுது. தண்ணிதான் கனமான பொருள். அதைக் கீழே வேகமா எறிஞ்சாத்தான் பாட்டில் மேலே போகும். தண்ணி ரொம்ப இருந்தா காத்துக்கு எடமில்லை. தண்ணியே இல்லேன்னா எறியறதுக்குக் கனமா ஒண்ணுமில்லை." நியூட்டனின் மூன்றாம் விதி என்று மகள் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தது இதுதானாம். "இது எனக்கு இப்பத்தான் புரியுதும்மா" என்று வீட்டுக்கு வந்து சொன்னாள். அன்று ராத்திரி இரண்டு தோசை கூடக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

பட்டுக்குப் பதில் பயணம்

"25 வருஷம் ஆச்சு, பட்டு எடுத்துக்கிறயா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். மே 29ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடுகிறார்கள், பொதுமக்கள் நேரில் பார்க்கலாம் என்று டீச்சரம்மா சொல்லியிருந்தார். "பட்டு வேண்டாமுங்க. அங்கே போயிட்டு வர்றோம், அனுப்பி வையுங்க" என்றேன். ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்தார். "நீ கேட்டதே அதிசயம். போயிட்டு வா" என்றார்.

டீச்சரம்மா, தையல் அக்கா, பரமத்தி வேலூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்ட என் பள்ளித் தோழி, நான், மகள் என்று ஐந்து பேர். ஆண் துணை இல்லாமல் நான் போன முதல் வெளியூர்ப் பயணம் அதுதான். ஈரோட்டில் ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறினோம். சங்ககிரி தாண்டும்போது டீச்சரம்மா ஜன்னல் பக்கம் கையைக் காட்டி, "அந்த மலைக்கோட்டை ஹைதர் அலி, திப்பு சுல்தான் கையில் இருந்தது. 1792ல்தான் நம்ம சீமை வெள்ளைக்காரனுக்குப் போச்சு. அந்த மைசூர்ப் படைகிட்ட இரும்புக் குழாயில் மருந்து அடைச்ச வாணம் இருந்தது. 1780ல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூர்ச் சண்டையில் கும்பினிப் படையைக் கலங்கடிச்சுது. அதைப் பார்த்துத்தான் இங்கிலாந்தில் காங்கிரீவ் என்பவர் ராக்கெட் செஞ்சார்" என்றார். "நம்ம கோயில் திருவிழா வாணத்துக்கு இத்தனை பெரிய சொந்தக்காரங்களா!" என்று தையல் அக்கா வாயில் விரல் வைத்தார்.

பொழுதுபோக்காக ராக்கெட் விடுகிற பழக்கம் அமெரிக்காவில் எழுபது வருஷமாக இருக்கிறதாம். 1954ல் நெப்ராஸ்காவில் ஆர்வில் கார்லைல் என்ற செருப்புக் கடைக்காரர்தான் சின்ன ராக்கெட்டுக்கு ஆபத்தில்லாத மருந்துக் குழல் செய்தார். பிறகு வெர்ன் எஸ்டஸ், அவர் மனைவி க்ளீடா இருவரும் அதை ஒரு தொழிலாகவே வளர்த்தார்கள். செருப்புக் கடைக்காரரும் ஒரு குடும்பப் பெண்ணும் தொடங்கிய காரியத்தை நாம் செய்யக் கூடாதா?

ஐந்தாவது நிமிஷம்

விடிவதற்கு முன் சென்னை. அங்கிருந்து மின்சார ரயிலில் சூலூர்ப்பேட்டை. அப்புறம் வண்டி பிடித்துப் பழவேற்காடு ஏரிக்கு நடுவே போகும் சாலையில் ஸ்ரீஹரிகோட்டா. பார்வையாளர் மாடம் 2019ல் திறந்தது. ஸ்டேடியம் மாதிரி படிப்படியாக உட்கார்ந்து பார்க்கலாம். கட்டணம் கிடையாது. இஸ்ரோவின் இணையதளத்தில் முன்கூட்டிப் பதிவு செய்து, அடையாள அட்டை எடுத்துப் போக வேண்டும்.

அன்று கிளம்பியது ஜி.எஸ்.எல்.வி. எஃப்-12. உயரம் 51.7 மீட்டர், எடை சுமார் 420 டன். திசை காட்டும் நாவிக் வரிசையில் என்.வி.எஸ்.-01 என்ற செயற்கைக்கோளைச் சுமந்திருந்தது. நம் நாட்டிலேயே செய்த அணுக் கடிகாரம் முதல் முதலாக அதில்தான் போனது.

காத்திருக்கும்போது டீச்சரம்மா மகளிடம் ஒரு விஷயம் சொன்னார். 2021 ஆகஸ்ட் 12ஆம் தேதி இதே இடத்திலிருந்து இதே வகை ராக்கெட் கிளம்பி, ஐந்து நிமிஷம் ஆனதும் கடைசி அடுக்கு பற்றாமல் கடலில் விழுந்துவிட்டது. அந்த அடுக்கில் இருப்பது மைனஸ் 253 டிகிரி குளிரில் திரவமாக்கிய ஹைட்ரஜன். அந்தத் தொட்டியின் வால்வில் கசிவு ஏற்பட்டு அழுத்தம் குறைந்துபோனதுதான் காரணம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். குக்கரில் காஸ்கெட் தேய்ந்தால் விசில் வருமா? அது மாதிரிதான். "அதுக்கப்புறம் அந்த ராக்கெட் இன்னிக்குத்தான் மறுபடி கிளம்புது" என்றார் டீச்சரம்மா. மகள் ஒன்றும் சொல்லவில்லை.

காலை 10.42. முதலில் சத்தமே இல்லை, வெளிச்சம் மட்டும்தான். சத்தம் ஒரு கிலோமீட்டர் வர மூன்று வினாடி ஆகும். இடி இடிக்கும்போது எண்ணுவோமே, அதே கணக்கு. மகள் விரல் விட்டு எண்ணினாள். அப்புறம் வந்தது பாருங்கள், காதில் விழுவதற்கு முன்பே நெஞ்சுக்கூட்டில் அதிர்ந்தது. தையல் அக்கா கை கூப்பியபடியே, "இத்தனை வருஷமா மிஷின் சத்தந்தான் பெரிய சத்தம்னு இருந்தனே!" என்று சிரித்துக்கொண்டே அழுதார்.

ராக்கெட் புள்ளியாகி மறைந்ததும் கூட்டத்தில் சிலர் எழுந்துவிட்டார்கள். நாங்கள் எழவில்லை. ஒலிபெருக்கியையே கேட்டுக்கொண்டிருந்தோம். ஐந்தாவது நிமிஷம் நெருங்கும்போது மகள் என் கையைப் பிடித்தாள். அவள் நகம் என் உள்ளங்கையில் பதிந்தது. கடைசி அடுக்கு பற்றிக்கொண்டது என்று அறிவித்தார்கள். சுமார் பத்தொன்பது நிமிஷத்தில் செயற்கைக்கோள் தனியாகப் பிரிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். மகள் தட்டவில்லை, அப்போதும் என் கையை விடவில்லை.

"இதுலெல்லாம் பொம்பளைங்க இருக்காங்களா டீச்சர்?" என்று தையல் அக்கா கேட்டார். ஏன் இல்லை? 2012ல் ரிசாட்-1 செயற்கைக்கோளின் திட்ட இயக்குநர் அரியலூர் என். வளர்மதி. 2019ல் சந்திரயான்-2க்குத் திட்ட இயக்குநர் எம். வனிதா. நாங்கள் போய் வந்த பிறகு, 2023 செப்டம்பர் 2ஆம் தேதி சூரியனைப் பார்க்கக் கிளம்பிய ஆதித்யா எல்-1க்குத் திட்ட இயக்குநர் செங்கோட்டைப் பெண் நிகார் ஷாஜி.

நிலா மண் நம்ம மண்

திரும்பி வந்த வாரம் பள்ளித் தோழி எங்களைத் தன் ஊர்ப் பக்கம் கூப்பிட்டாள். வேலூர் வெற்றிலைக் கொடிக்கால், காவிரிக் கரை எல்லாம் காட்டிவிட்டுச் சித்தம்பூண்டிக்கு அழைத்துப் போனாள். வெளுத்த நிறத்தில் பாறை. பார்த்தால் விசேஷமாக ஒன்றும் தெரியாது. சுமார் 250 கோடி வருஷம் பழைய அனார்த்தோசைட் அது. நிலாவின் மேட்டுப் பகுதிகளில் இருப்பதும் இந்த வகைப் பாறைதான். சந்திரயான் வண்டியை நிலாவில் இறக்குவதற்கு ஒத்திகை பார்க்க நிலாவைப் போன்ற மண் வேண்டியிருந்தது. சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியல் துறையினர் உதவியோடு, சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறையை உடைத்துப் பொடியாக்கிப் பெங்களூருக்குக் கொண்டுபோனார்கள். 2012லிருந்து சுமார் 50 டன் போயிருக்கிறது.

2019 செப்டம்பரில் சந்திரயான்-2 இறங்கும்போது தவறிவிட்டது. 2023 ஆகஸ்ட் 23ஆம் தேதி சாயந்திரம் 6.04க்குச் சந்திரயான்-3 பத்திரமாக இறங்கியது. அன்று தையற்கடையில் மிஷினை நிறுத்திவிட்டுத் தெருவே கூடிப் பார்த்தோம். "நம்ம மண்ணு மேல நடந்து பழகின வண்டிதான!" என்று அக்கா எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார்.

அப்பா சொன்ன கணக்கு

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து வந்த மறுநாள் மகள் அப்பாவிடம், "நான் பிசிக்ஸ் படிக்கிறேனுங்கப்பா" என்றாள். அவள் குறைவாக எடுத்திருந்ததே அந்தப் பாடத்தில்தான். பெரிய நாத்தனாரும் அங்கே இருந்தார். "வராத படிப்பையே எடுக்கறாளே" என்றார். அதுவரைக்கும் வாயைத் திறக்காத என் வீட்டுக்காரர் அன்று பேசினார். "அக்கா, ஒரு பாயிண்ட்ல தண்ணி வரலேன்னு யாராச்சும் ரிக்கை விக்கறாங்களா? அடுத்த பாயிண்ட் பாக்கறாங்க. என்ற பொண்ணு அவளே பாயிண்ட் பாத்துச் சொல்றா. போட்டுப் பாக்கலாம்."

நாத்தனார் சிரித்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டுக்கு அவரே பக்குவமாகச் சொல்லி அனுப்பினார். மகள் பி.எஸ்சி. இயற்பியல் சேர்ந்தாள். முதல் செமஸ்டரில் ஒன்றும் மலையைப் புரட்டவில்லை. ஆனால் லேப் வேலை என்றால் முதல் ஆளாக நிற்கிறாள் என்று கேள்விப்பட்டேன். எனக்கு அது போதும்.

மார்க் குறைந்த பிள்ளைக்கு ஆறுதல் வார்த்தை ஆயிரம் சொல்லலாம், ஒன்றும் உள்ளே இறங்காது. அதன் கையில் ஒரு வேலையைக் கொடுங்கள். அளக்கவும் எழுதவும், தவறினால் மறுபடி விட்டுப் பார்க்கவும் இடம் தருகிற வேலையாக இருக்கட்டும். அந்த வேலையில் நீங்களும் கூட இருங்கள். வெறிச்சென்ற உங்கள் பொழுதுக்கும் அதுவே மருந்து.

தண்ணீர் ராக்கெட் செய்முறை

வேண்டியவை: ஒரு லிட்டர் சோடா அல்லது கலர் பாட்டில் (தண்ணீர் விற்கும் மெல்லிய பாட்டில் வேண்டாம்), வாயில் இறுக்கமாகப் பொருந்தும் ரப்பர் கார்க், கால்பந்துக்குக் காற்றடிக்கும் ஊசி, சைக்கிள் பம்ப், அட்டை, டேப்.

ஊசியைக் கார்க்கின் நடுவே நுனி மறுபக்கம் வரும்படி செருகுங்கள். பம்ப் குழாயை நாலைந்து மீட்டருக்கு நீட்டிக்கொள்ளுங்கள், சைக்கிள் கடையில் செய்து கொடுப்பார்கள். பாட்டிலின் வாய்ப் பக்கம் மூன்று அட்டை இறக்கைகளை டேப்பால் ஒட்டுங்கள். சூடான பசை வேண்டாம், பாட்டில் பலம் குறையும். மூன்றில் ஒரு பாகம் தண்ணீர் ஊற்றிக் கார்க்கை அழுத்தி, செங்கல்களுக்கு நடுவே கவிழ்த்து நேராக நிறுத்திக் காற்றடியுங்கள்.

ஜாக்கிரதை: பிள்ளைகள் பத்தடி தூரமாவது தள்ளி நிற்க வேண்டும். காற்றடிப்பவர் பெரியவராக இருக்கட்டும், கண்ணாடியோ ஹெல்மெட்டோ போட்டுக்கொள்ளட்டும். பாட்டிலுக்கு நேர் மேலே யாரும் குனியக் கூடாது. கார்க் சிக்கிக்கொண்டால் பம்ப் இணைப்பைக் கழற்றிக் காற்றை வெளியே விட்ட பிறகே கிட்டப் போங்கள். கீறல் விழுந்த பாட்டில் வேண்டாம். மின்கம்பி, ரோடு பக்கம் விடக் கூடாது. வெடிமருந்து சேர்த்து ராக்கெட் செய்ய ஒருபோதும் விடாதீர்கள். ஆபத்து மட்டுமல்ல, உரிமம் இல்லாமல் வெடிமருந்து செய்வது சட்டப்படி குற்றம்.

பயணம் போகிறவர்களுக்கு

புளிச்சோறு, எள்ளுச்சோறு கட்டுங்கள். தேங்காய் சேர்த்தது மே மாத வெயிலுக்கு மதியத்துக்குள் ஊசிவிடும். கழிவறை கிடைக்காது என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பது நம் பெண்களின் பழக்கம். அதனால் சிறுநீர்த் தொற்றும் மயக்கமும் வரும். கழிவறை கண்ட இடத்தில் போய்விட்டு, தண்ணீரை அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். உப்பு, சர்க்கரை கலந்த ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு கைப்பையில் இருக்கட்டும். ராக்கெட் கிளம்பும் நாள் சில சமயம் தள்ளிப்போகும், சில தடவை பொதுமக்களை அனுமதிப்பதில்லை. அறிவிப்பைப் பார்த்த பிறகே டிக்கெட் எடுங்கள்.

இந்தக் கோடையில் உங்கள் வீட்டு ராக்கெட் எத்தனை மீட்டர் போனது என்று நோட்டைப் பார்த்து எழுதி அனுப்புங்கள். யார் காற்றடித்தது, யார் கணக்கு எழுதியது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.